அடுக்களை அலமாரியில் ஒரு சாக்லேட்



அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் எங்கள் சிறுவர் வகுப்பில் ஒரு நாள், பின்வரிசையில் இருந்த சிறுமியொருத்தி தன் குறிப்பேட்டை அடிக்கடி மூக்கருகே கொண்டு செல்வதைக் கண்டேன். அருகே சென்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில், நகத்தால் நீவி நீவி மடிப்பே தெரியாமல் ஆக்கப்பட்ட தங்க நிறச் சாக்லேட் காகிதம் ஒன்று இருந்தது. கண்டிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "வாசம் போயிடுச்சு டீச்சர்" என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை.

அவளுடைய வாப்பா வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். சபுராளி வீடு திரும்பிப் பெட்டியைத் திறக்கும் அந்த ஒரு மணி நேரம், நம் ஊர்களில் பெருநாளுக்கு நிகரானது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டில் வேலை போய் அவர் ஊர் திரும்பிவிட்டார். அதன் பின் பெட்டி வரவில்லை. காகிதம் மட்டும் எஞ்சியது. அதே சாக்லேட் நம் கடைத்தெருவிலும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு டப்பாவின் விலையில் அந்த வீட்டில் இரண்டு நாள் மீன் ஆணம் வைத்துவிடலாம். இது அச்சிறுமிக்கும் தெரியும். கேட்டால் வாப்பாவின் முகம் வாடும் என்பதற்காக அவள் கேட்பதில்லை.

பிள்ளைகள் மட்டும்தானா? வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர் அரிசி டின்னின் ஓரத்தில் ஒளித்து வைத்த ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டுக் கொள்ளும் உம்மாமார்களையும் நான் அறிவேன். "இந்த வயதில் இப்படி ஓர் ஆசையா?" என்று அவர்களே வெட்கப்படுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசையை அடக்கி வைப்பதும் சரியன்று. அது கேட்டபோதெல்லாம் கடைக்கு ஓடுவதும் சரியன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அது நம் அடுக்களை அலமாரியிலேயே இருக்கிறது.

நாக்கு கேட்பது என்ன?

"உடம்பில் மெக்னீசியச் சத்து குறைந்தால்தான் சாக்லேட் மீது ஆசை வரும்" என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். சற்றே சிந்தியுங்கள். நிலக்கடலையிலும் கீரையிலும் அச்சத்து உண்டு. நள்ளிரவில் விழித்துக் கொண்டு முருங்கைக்கீரைக்காக ஏங்கிய எவரையும் நாம் கண்டதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பால் ரோசின் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் இதனைச் சோதித்து 1994-ல் வெளியிட்டனர். சாக்லேட்டுக்கு ஏங்கும் இயல்புடையவர்களை அழைத்து, ஏக்கம் எழும்போது ஒரு முறை பால் சாக்லேட்டையும், ஒரு முறை வெள்ளைச் சாக்லேட்டையும், ஒரு முறை கோகோவை அடைத்த மாத்திரைக் குப்பிகளையும் உட்கொள்ளச் செய்தனர். கோகோவிலுள்ள மருந்துத் தன்மையான பொருள்கள் யாவும் அக்குப்பிகளில் இருந்தன. ஆயினும் குப்பியை விழுங்கியவர்களின் ஏக்கம் தணியவில்லை. பால் சாக்லேட் உண்டபோது நன்றாகத் தணிந்தது. கோகோக் கொழுப்பும் பாலும் சீனியும் உள்ள, ஆனால் கோகோத் தூள் சேராத வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது. அதனுடன் கோகோக் குப்பியையும் சேர்த்து விழுங்கியபோதும் கூடுதல் பயன் விளையவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஏக்கம் இரத்தத்தில் இல்லை. வாயிலும் மூக்கிலும் இருக்கிறது. நாக்கு கேட்பவை நான்கு: சிறிது கசப்பு, அதை மூடும் இனிப்பு, வாயில் இளகும் கொழுப்பு, வறுத்த வித்தின் நறுமணம். இந்நான்கையும் ஒரு சேரத் தந்துவிட்டால், அது எந்த நாட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்று நாக்கு விசாரிப்பதில்லை.

கட்டி இளையது, கோப்பை மூத்தது

வீட்டில் கலக்கும் கோகோவை "ஏழையின் சாக்லேட்" என்று எண்ணுவோர் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

கோகோ மரம் தென்னமெரிக்காவின் அமேசான் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. மத்திய அமெரிக்காவின் மாயர்களும் மெக்சிகோவின் அஸ்டெக்குகளும் அதன் வித்தை வறுத்து அரைத்துக் குடித்தனர். கடித்துத் தின்னவில்லை. ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பா சென்று சீனியுடன் சேர்ந்த பின்னரும், நெடுங்காலம் பானமாகவே இருந்தது. 1828-ல் ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார், அரைத்த வித்திலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்த பின் எஞ்சிய சக்கையைப் பொடித்ததே இன்று நாம் வாங்கும் கோகோத் தூள். பிழிந்தெடுத்த கொழுப்பை மீண்டும் கோகோவுடனும் சீனியுடனும் சேர்த்து அச்சில் வார்க்கும் முறையை 1847-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஃப்ரை நிறுவனம் கண்டது. சாக்லேட் கட்டி பரவலானது அதன் பின்னர்தான். ஆகவே கோப்பையிலுள்ளதே மூத்தது. கட்டி அதன் இளைய பிள்ளை.

கட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கோகோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். நம் உடற்சூடு 37 பாகை. எனவே கையில் கட்டியாக இருப்பது வாயில் இளகிவிடுகிறது. ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையின் சூடே 34 பாகையைத் தாண்டிவிடும். அப்போது அது நாக்கில் இளகும் முன்னரே உறையினுள் இளகிவிடுகிறது. குளிர்நாட்டுக்கென வடிக்கப்பட்ட பண்டம் அது. நம் சூட்டுக்கு ஏற்ற வடிவத்தை நாமே அமைத்துக் கொள்ள வேண்டும்.

விலையையும் எண்ணிப் பாருங்கள். உலகக் கோகோ விளைச்சலில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்தே வருகிறது. அங்கே பருவம் பொய்த்து மரங்களை நோயும் தாக்கியதால், 2024 டிசம்பரில் கோகோவின் விலை டன்னுக்கு 12,000 டாலரைக் கடந்தது. பின்னர் இறங்கியது. ஆயினும் கட்டியின் விலை நம் கையில் இல்லை என்பதை அது காட்டிச் சென்றது. நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது என்பதை இங்கே நினைவூட்டுவது தகும்.

அலமாரியைத் திறப்போம்

நமக்குத் தேவையானது ஒரே ஒரு புதுப்பொருள்: இனிப்புச் சேராத கோகோத் தூள். வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். சேர்மானங்களை எடையில் கூடியது முதலாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சீனியாக இருந்தால் அது பானத் தூள். கோகோத் தூள் அன்று. சிறிய பொட்டலமொன்று பல முறைக்கு வரும். ஈரமில்லாத, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பெருங்காய டப்பாவுக்கு அருகில் வைக்காதீர்கள். அயல் மணத்தை அது எளிதில் ஏற்றுக் கொள்ளும்.

மற்றவை நம்மிடமே உள்ளன. கொழுப்புக்குப் பால், தேங்காய்ப்பால், நெய், நிலக்கடலை. இனிப்புக்குச் சீனி, பேரீச்சம்பழம். மணத்துக்கு ஏலம். கசப்பை எடுத்துக் காட்டுவதற்கு ஒரு சிட்டிகை காப்பித்தூள். உப்பை மறவாதீர்கள், ஒரு சிட்டிகை உப்பு, கோகோவின் கடுமையைத் தணித்து இனிப்பை உயர்த்தும். தொதலுக்கும் வட்டிலப்பத்துக்கும் நம் மூத்தவர்கள் உப்புச் சேர்த்தது இந்தக் காரணத்தினால்தான்.

வீட்டில் சத்துபானத் தூள் மட்டுமே இருக்கிறதென்றால், அதில் கோகோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின் அதைக் கொண்டும் செய்யலாம்; அதிலேயே இனிப்பு மிகுதியாதலால் சீனியைத் தவிர்த்து விடுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காப்பித்தூளும் கருப்பட்டியும் சேர்ந்தால் சாக்லேட் ஆகிவிடாது. அது நல்லதொரு பானம், அவ்வளவே. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றினால், அடுத்த முறை நம் சொல்லை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

முதலாவது: ஒரு கோப்பை

ஏக்கம் இப்போதே தணிய வேண்டுமென்றால் இதுவே வழி. கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி கோகோத் தூள், இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை உலர்ந்த நிலையிலேயே கலந்து கொள்ளுங்கள். சுடுபால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டு, கட்டியின்றிக் குழையுங்கள். கோகோத் தூளில் கொழுப்பு எஞ்சியிருப்பதால் அது நேரே பாலில் நனையாது. மேலே மிதந்து முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கொள்ளும். முதலில் குழைத்துக் கொண்டால் இத்தொல்லை இல்லை. பின்னர் ஒரு தம்ளர் பாலுடன் சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதித்தால்தான் பச்சை வாடை நீங்கிப் பானம் சற்றே தடிக்கும். ஏலம் ஒன்றைத் தட்டிப் போட்டு இறக்குங்கள்.

இரண்டாவது: பேரீச்சம்பழ உருண்டை

நோன்பு மாதம் முடிந்த பின் பல வீடுகளில் பேரீச்சம்பழம் எஞ்சிக் காய்ந்து கிடக்கும். கொட்டை நீக்கிய பழம் பதினைந்து, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரைக் கப், கோகோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கடலையை மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிக் கொரகொரப்பாக்குங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். பிறகு பழத்தையும் கோகோவையும் உப்பையும் சேர்த்துச் சுற்றுங்கள். பழம் காய்ந்திருந்தால் ஐந்து நிமிடம் வெந்நீரில் இட்டு நன்றாகப் பிழிந்து எடுத்துக் கொள்ளுங்கள். கையில் நெய் தடவி நெல்லிக்காய் அளவில் உருட்டினால் பன்னிரண்டு அளவில் வரும். அடுப்பே வேண்டாம், பிள்ளைகளே செய்யலாம். பள்ளிக்குக் கொடுத்தனுப்பினாலும் உருகாது.

மூன்றாவது: சாக்லேட் கடற்பாசி

இதுதான் நம் சூட்டுக்கு ஏற்ற வடிவம் என்று நான் கருதுகிறேன். நோன்பு திறக்கும் வேளையில் நம் வீடுகளில் கடற்பாசி இல்லாத நாள் குறைவு. கடையில் வாங்கும் வெண்ணிற இழைகள் கடற்பாசிச் செடிகளிலிருந்து எடுக்கப்படுபவை. அதற்கான பாசி வகைகளுள் ஒன்றான மரிக்கொழுந்துப் பாசியை, இராமநாதபுரம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கடலில் மூழ்கி நம் ஊர்ப் பெண்கள் சேகரித்து வந்திருக்கிறார்கள். விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டினைப் போன்றதன்று இது; ஆகவே உண்ணலாமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை.

கடற்பாசியின் இயல்பு வியப்புக்குரியது. ஆறிவரும் கரைசல் 40 பாகையை நெருங்கும்போதே அது உறையத் தொடங்கிவிடும். உறைந்த பின்னரோ, ஏறத்தாழ 85 பாகை வரை சூடாக்கினாலன்றி உருகாது. ஆகையால் குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் உறையும். சித்திரை வெயிலிலும் நிற்கும்.

கடற்பாசி 10 கிராம், தண்ணீர் ஒரு கப், பால் அரை லிட்டர், கோகோத் தூள் மூன்று மேசைக்கரண்டி, சீனி ஆறு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பாசியை நறுக்கி அரை மணி நேரம் அந்தத் தண்ணீரில் ஊற விட்டு, அதே நீரில் சிறு தீயில் காய்ச்சுங்கள். ஓர் இழைகூடத் தெரியாமல் கரைய வேண்டும். மற்றோர் அடுப்பில், முன்பு சொன்னவாறு கோகோவையும் சீனியையும் உப்பையும் குழைத்துப் பாலில் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இரண்டும் சூடாக இருக்கும்போதே ஒன்றில் ஒன்றை ஊற்றிக் கலக்குங்கள். ஆறிய பாலை ஊற்றினால் பாசி அங்கங்கே உறைந்து திரிதிரியாகிவிடும்; பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வடிகட்டித் தட்டில் ஊற்றி அசைக்காமல் வையுங்கள். உறைந்ததும் பதினைந்து துண்டுகளாக வெட்டலாம்.

இது கட்டியைப் போல வாயில் இளகாது. அக்குறை நீங்க வேண்டுமாயின் பாலில் ஒரு கப்பைக் குறைத்து, அதற்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். பால் சேர்ந்த பண்டமாதலால் அன்றே உண்டு முடிப்பது நல்லது.

கட்டியே வேண்டுமென்று கோகோவைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உறைய வைப்போரும் உளர். தேங்காய் எண்ணெய் 25 பாகைக்குள் உருகிவிடும். குளிர்ப்பெட்டியை விட்டு எடுத்த கணமே விரலில் வழியும். செய்வதாயின் சீனியை மாவாகப் பொடித்துச் சேருங்கள். எண்ணெயில் சீனி கரையாது, மணல் போல் நெருடும். ஈரக் கரண்டியும் படக்கூடாது.

அளவறிந்து உண்போம்

வீட்டில் செய்தது என்பதற்காக அளவின்றி உண்ணலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி, உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நன்று என்றும் கூறுகிறது. பின்னதைக் கணக்கிட்டால் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் வரும். அதாவது ஆறு தேக்கரண்டி. நாம் செய்த கடற்பாசியில் சீனி சுமார் 75 கிராம். பதினைந்து துண்டாக்கினால் துண்டுக்கு ஐந்து கிராம். இவ்வாறு கணக்கிட முடிகிறதல்லவா? வீட்டில் செய்வதன் பெரும்பயனே இதுதான். கை நம்முடையதாதலால் கணக்கும் நம்முடையது. இந்த முறை ஆறு கரண்டி போட்டீர்களானால், அடுத்த முறை ஐந்து போடுங்கள். அதற்கடுத்த முறை நான்கு. நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும்.

சர்க்கரை நோயுள்ளவர்கள், பேரீச்சம்பழத்தில் இருப்பதும் சர்க்கரையே என்பதை மறக்க வேண்டாம். கோகோவில் காப்பியிலுள்ள கஃபீன் சிறிதளவு உண்டு. ஆகவே உறங்கப் போகும் நேரத்தில் பிள்ளைகளுக்குக் கோப்பை நிறையத் தராதீர்கள். இன்னொன்று: நம் வீடுகளில் பூனைகள் செல்லமாக வளர்கின்றன. கோகோவிலுள்ள தியோப்ரோமின் என்னும் பொருள் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சாகும். பாத்திரத்தை வழித்துப் பூனைக்கு வைக்க வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பரிசாக வரும் வெளிநாட்டுச் சாக்லேட்டுகளில் மது நிரப்பியவையும் உண்டு. வண்ணத் தாளின் அழகில் மயங்காமல், சேர்மானத்தைப் படித்த பின்னரே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

அந்தச் சிறுமி

காகிதத்தை நான் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் அவளுடைய உம்மாவைச் சந்தித்தபோது, மகளைப் பற்றிக் குறை கூறாமல், கடற்பாசியின் செய்முறையை மட்டும் எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்து அவர் வந்து சொன்னார்: "இவ வாப்பாவே அடுப்புல நின்னு கிண்டுனாங்க, ராத்தா. அங்கே ரூமுல இவங்கதானாம் சமையல். எனக்கு இத்தனை நாளா தெரியாது."

சிறுமியிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்: "அந்தச் சாக்லேட் மாதிரி இல்லை டீச்சர். ஆனா வெள்ளிக்கிழமை திரும்பச் செய்யச் சொல்லியிருக்கேன்."

சகோதரிகளே! அவள் வாய் திறந்து கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "வாங்கக் காசில்லை" என்று சொல்ல வேண்டிய நிலை அந்த வாப்பாவுக்கு நேரவில்லை; "செய்வோம்" என்று சொல்ல முடிந்திருக்கிறது. பிள்ளைகள் நம் வறுமையைப் புரிந்து கொள்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். அவர்கள் கேட்பதையே நிறுத்திவிட்டார்களா என்பதையும் ஒரு முறை கவனித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் குறிப்பேட்டிலும் ஒரு காகிதம் இருக்கக்கூடும்.

இவ்வெள்ளிக்கிழமை கோகோத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.